களம்பூர் மாமாவும் திறந்து கிடந்த மெயில் சர்வரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல, ஆபீசுல ஆணி அதிகம். இன்னிக்குப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கலா போகும். பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியுற மாதிரிதான் எழுதப் பார்த்திருக்கேன். நடுவுல கொட்டாவி வந்தா கம்பெனி பொறுப்பல்ல :-)

மேட்டர் இதுதான். ஒரு மெயில் சர்வர் யாரோட மெயிலைச் சுமக்கலாம், யாரோடதைச் சுமக்கக் கூடாது? கேட்கச் சின்னக் கேள்வி. ஆனா இதுக்குத் தப்பா எழுதின ஒரே ஒரு வரியால எங்க ஊர்ல ரெண்டு சனிக்கிழமை தறிக்காரங்களுக்குக் கூலி இழுத்தடிச்சுது.

எங்க ஊர் களம்பூர். ஆரணியிலிருந்து போளூர் போற ரோட்டுல இருக்கு. ரயில்ல ஆரணிக்குப் போறவங்க "ஆரணி ரோடு" ஸ்டேஷன்ல இறங்குவாங்க. அந்த ஸ்டேஷன் இருக்கிறது எங்க ஊர்ல. பேரு அவங்களுக்கு, பிளாட்பாரம் எங்களுக்கு. வெளியூர்ல களம்பூர்னா அரிசின்னு சொல்வாங்க. ஆரணிப் பட்டு ஆரணி டவுனுக்குள்ள மட்டும் நெய்யுறதில்ல, சுத்துப்பட்டு ஊர்கள்லயும் தறிச்சத்தம் கேட்கும். என் தாய்மாமன் தறிக்காரங்களுக்குப் பாவும் ஜரிகையும் குடுத்து, நெய்ஞ்சு வர்ற சேலைய பெங்களூர், சென்னை கடைகளுக்கு அனுப்புறவர். கடைக்காரங்க பணம் போட்டாத்தான் இங்க கூலி. கூலி வந்தாத்தான் அவங்க வீட்டுல மளிகை.

தீபாவளிக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது போன் வந்துது.

"இன்னாடா மாப்ள, பில்லு வரவேல்லன்றான் பெங்களூர்க்காரன். நான் அனுப்பிட்டேன்றேன். பொய் சொல்றேன்னு நெனைக்கிறான் போலக்கீது."

"வாட்சப்புல அனுப்புங்க மாமா."

"அனுப்பினேன்டா. மெயில்ல வந்தாத்தான் அக்கவுண்ட்ஸ்ல ஏத்துவாங்களாம். நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பாரு."

(நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஊர்ல கிடைக்கிற மரியாதை இதுதான். பிரிண்டர்ல பேப்பர் மாட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.)

மாமாவுக்குச் சொந்தமா ஒரு டொமைன் இருக்கு, மாச வாடகைக்கு ஒரு சர்வர் இருக்கு, அதுல போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுது. பக்கத்து ஊர்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்த ஒருத்தர் செஞ்சு குடுத்தது. அவர் இப்போ கடையைக் காலி பண்ணிட்டு வேற தொழிலுக்குப் போயிட்டார்.

உள்ள நுழைஞ்சு மெயில் வரிசையப் பார்த்தேன். மாமா ஒரு நாளைக்கு அனுப்புறது பத்து மெயில். வரிசையில நின்னது அம்பதாயிரத்துக்கு மேல. அனுப்பினவங்க யாரும் மாமா இல்ல, பெறுறவங்களும் மாமாவோட ஆளுங்க இல்ல. ரஷ்ய எழுத்து, சீன எழுத்து, மாத்திரை விளம்பரம், பாங்க் பேர்ல பொய் மெயில். பட்டுச்சேலைக்காரரோட சர்வர் ராப்பகலா உலகத்துல யார் யாருக்கோ கூலி இல்லாம மூட்டை தூக்கிட்டு இருந்துது. அந்தக் கூட்டத்துல மாமாவோட மூணு பில்லும் நசுங்கிக் கிடந்துது.

இது எப்படி நடக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி பஸ் கண்டக்டர் கதை ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் ஒரு சின்னப் பொட்டலத்த அவசரமா அனுப்பணும்னா கண்டக்டர்கிட்ட குடுத்துவிடுற பழக்கம் உண்டு. அவர் என்ன பார்ப்பார்? குடுக்கிற ஆள் தெரிஞ்சவரா இருந்தா வாங்கிப்பார், எந்த ஸ்டாப்புல யார் வாங்குறாங்கன்னு கேட்டுப்பார். குடுக்கிறவர் புதுசா இருந்தாலும், "இது உங்க டிப்போ மேனேஜருக்கு"ன்னு சொன்னா வாங்கிப்பார். குடுக்கிறவனும் தெரியாது, வாங்கப்போறவனும் தெரியாதுன்னா? "போய்யா"ன்னு விசில் அடிச்சிடுவார்.

மெயில் சர்வரோட ரிலே அனுமதியும் இம்புட்டுத்தான். குடுக்கிறவன் நம்ம ஆளா? எங்க போகணுமோ போகட்டும். குடுக்கிறவன் வெளியாளா? அப்போ பெறுறவன் நம்ம டொமைன்ல இருக்கணும், இல்லன்னா எப்படி வெளியிலிருந்து மெயில் வரும். ரெண்டுமே வெளியாள்னா "554 5.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்"னு திருப்பி அனுப்பணும். அந்த மூணாவது வகையையும் சுமக்கிற சர்வருக்குப் பேர்தான் ஓபன் ரிலே.

போஸ்ட்ஃபிக்ஸ்ல "நம்ம ஆள்" யாருன்னு சொல்ல "மைநெட்வொர்க்ஸ்"னு ஒரு வரி இருக்கு. அதுல எழுதியிருக்கிற ஐ.பி. முகவரியிலிருந்து யார் வந்தாலும் கேள்வி கேட்காம விடும். மாமாவோட சர்வர்ல அந்த வரியில இருந்தது 0.0.0.0/0. அதாவது உலகத்துல இருக்கிற எல்லா ஐ.பி.வி4 முகவரியும் நம்ம ஆளுங்க. யாதும் ஊரே பார்ட்டி :-)

அந்தக் கடைக்காரரைத் திட்டலாம்னுதான் தோணுச்சு. மாமாகிட்ட விசாரிச்சதும் கோவம் பாதி போயிடுச்சு. முதல்ல மாமா கடை பிராட்பேண்ட் முகவரிய மட்டும்தான் அதுல போட்டிருந்தாராம். மாமா பெங்களூர் போய், லாட்ஜுல உட்கார்ந்து லேப்டாப்புலேர்ந்து மெயில் அனுப்பப் பார்த்திருக்கார். ரிலே ஆக்சஸ் டினைட். வேற ஊர், வேற முகவரி, சர்வருக்கு மாமாவைத் தெரியல. மாமா போன்ல கத்தியிருக்கார். அவர் அந்தப் பக்கம் பூட்டை மொத்தமா கழட்டிட்டார். மெயில் போச்சு, மாமா சந்தோஷம்.

யோசிச்சுப் பார்த்தா இதே சண்டை பெரிய ஆளுங்களுக்குள்ளயும் நடந்திருக்கு. ஜான் கில்மோர்னு ஒருத்தர், எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் பவுண்டேஷனை 1990ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவர் தன்னோட சர்வரைத் தெரிஞ்சேதான் ஓபன் ரிலேயா வெச்சிருந்தார். வெளியூர் போற நண்பர்கள் எங்கேர்ந்து வேணா மெயில் அனுப்பட்டும்னு. அவருக்கு இணைப்புக் குடுத்த கம்பெனி 2001ல அதை மறிச்சுது. லாட்ஜுல உட்கார்ந்த எங்க மாமாவுக்கு இருந்த அதே பிரச்சினை, கில்மோருக்குக் கொள்கை.

ஆரம்பத்துல இணையமே அப்படித்தான். எஸ்.எம்.டி.பி. விதிமுறைய ஜான் போஸ்டல் 1982ல எழுதினப்போ வழியில இருக்கிற மெஷின்கள் ஒருத்தர் மூட்டைய ஒருத்தர் வாங்கிக் கைமாத்துறதுதான் முறை. நம்ம நாட்டுலயே பாருங்க, 1986ல எர்நெட் ஆரம்பிச்சப்போ அதுல இருந்தது எட்டு நிறுவனம்: சென்னை ஐ.ஐ.டி. உட்பட அஞ்சு ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை என்.சி.எஸ்.டி., டெல்லி மின்னணுத்துறை. 1987-88 வாக்குல டெலிபோன் லைன் மேல யூயூசிபி வழியா மெயில் ஓடினது. ஒரு மெஷின் இன்னொண்ணுக்குப் போன் போட்டு, சேர்ந்ததை இறக்கிட்டு, அங்க இருக்கிறதை ஏத்திக்கும். "உன் மெயிலை நான் ஏன் சுமக்கணும்"னு ஒருத்தர் கேட்டிருந்தா சென்னையிலிருந்து ஒரு கடிதம் வெளிய போயிருக்காது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச காலம் அது.

அப்புறம் கூட்டம் பெருத்துது. ஸ்பேம்காரன் கண்டுபிடிச்சது ரொம்ப சுலபமான கணக்கு: ஒரு கடிதத்தோட ஆயிரம் விலாசத்தக் குடுத்தா, ஆயிரம் தடவை சுமக்குற வேலை ரிலேக்காரனோடது, மாட்டிக்கிற பேரும் ரிலேக்காரனோடது. 1998ல வந்த சென்ட்மெயில் 8.9ல ரிலேவ இயல்பாவே மூடி வெச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து கதவு மூடியிருக்கும், வேணும்னா நீயா திறக்கணும். எங்க கடைக்காரர் திறந்தார்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

முதல் வேலை, மைநெட்வொர்க்ஸ்ல 127.0.0.0/8 மட்டும். அதாவது அந்த சர்வரோட சொந்த வயிறு மட்டும். (போஸ்ட்ஃபிக்ஸ் 3.0க்கு முன்னாடி இருந்த பழைய வழக்கப்படி இந்த வரிய எழுதாம விட்டா, அதே சப்நெட்ல இருக்கிற பக்கத்து வாடகை சர்வரையும் சொந்தக்காரன்னு நினைச்சுக்கும். பழைய சர்வர் வெச்சிருக்கிறவங்க கவனிங்க.)

ரெண்டாவது, லாட்ஜுல இருக்கிற மாமாவுக்கு வழி. அதுக்குத்தான் 587ஆம் போர்ட் இருக்கு. 25ஆம் போர்ட் சர்வரும் சர்வரும் பேசிக்க. 587 ஆளுங்க மெயில் குடுக்க, டி.எல்.எஸ். போட்டு, பேரும் பாஸ்வேர்டும் சொன்னாத்தான் உள்ள விடும். 1998 டிசம்பர்லயே இதுக்கு விதிமுறை வந்தாச்சு. எந்த ஊர், எந்த ஐ.பி.ங்கிற கேள்வியே போச்சு, ஆள் யாருங்கிறதுதான் கணக்கு. கில்மோர் கேட்டதும் கிடைச்சுது, ஸ்பேம்காரனும் வெளிய நின்னான்.

மூணாவது, ரிலே விதிகளோட வரிசை. முதல்ல மைநெட்வொர்க்ஸ்க்கு அனுமதி, அப்புறம் பாஸ்வேர்டு சொன்னவனுக்கு அனுமதி, கடைசியா "ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்", மத்த எல்லாம் வெளிய. மேலேர்ந்து கீழ படிக்கும், முதல்ல பொருந்துறதோட நின்னுடும். நடுவுல ஒரு பொது அனுமதியச் செருகினா கடைசி வரி இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஸ்பேம் வடிகட்டுற விதியையும் ரிலே விதியையும் ஒரே பட்டியல்ல போட்டு நிறைய பேர் இப்படிக் கதவைத் திறந்துட்டதாலதான் 2013ல வந்த 2.10 பதிப்புல ரிலேவுக்குத் தனிப் பட்டியல் குடுத்தாங்க.

பாஸ்வேர்டப் பத்தி ஒரு வார்த்தை. மாமாவோடது ஊர்ப் பேரு, பக்கத்துல 123. ரிலேவ மூடினதும் ஸ்பேம்காரன் அடுத்து தட்டுறது இந்தக் கதவைத்தான். மாத்தச் சொன்னதுக்கு, "ஞாபகம் இருக்க வேணாமாடா?"ன்னார். கடைசியில அவரோட முதல் தறிக்குச் சம்பந்தமான ஒரு நீளமான வாக்கியத்த வெச்சுக்கிட்டார். என்னன்னு எனக்கே சொல்லல, நல்லது. கூடவே, உள்ள வந்தவன் தன் சொந்த முகவரியில மட்டும்தான் அனுப்பலாம்னு ஒரு விதியும் போட்டேன். கடைப் பையன் லாகின்ல வந்து முதலாளி பேர்ல மெயில் அனுப்ப முடியாது.

நாலாவதுதான் என்னை ரெண்டு நாள் படுத்துச்சு. கடையில பில் போடுற சாஃப்ட்வேர் ஆதிகாலத்தது. அதுக்குப் பாஸ்வேர்டு குடுத்து மெயில் அனுப்பத் தெரியாது. "அந்த பிராட்பேண்ட் முகவரிய மட்டும் மறுபடி அனுமதிச்சுடேன், முன்னாடி இருந்துதே"ன்னார் மாமா. நியாயமான பேச்சாத்தான் தெரியும். ஆனா இப்போ நிறைய இணைப்புகள்ல ஒரே பொது ஐ.பி.ய பல வாடிக்கையாளருக்குப் பங்கு போட்டுக் குடுக்கிறாங்க. கடையில பார்த்தேன், மாமாவோட இணைப்பும் அந்த ரகம்தான். அந்த ஒரு எண்ண அனுமதிச்சா, அதுக்குப் பின்னாடி இருக்கிற பல வீடும் கடையும் சேர்ந்து நம்ம ஆளுங்க ஆயிடும். அதுல ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தாப் போதும். அதனால கடை கம்ப்யூட்டர்லயே குட்டியா ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் வெச்சேன். பில் சாஃப்ட்வேர் அதுகிட்ட குடுக்கும், அது பாஸ்வேர்டு சொல்லி 587 வழியா பெரிய சர்வர்கிட்ட குடுக்கும். ஊமைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வெச்ச மாதிரி.

எல்லாம் முடிச்சுட்டு வெளியிலிருந்து இன்னொரு சர்வர்ல டெல்நெட் போட்டு 25ஆம் போர்ட்ல பேசினேன். அனுப்புறவர் ஒரு வெளியாள், பெறுறவர் வேற ஒரு வெளியாள். 554 வந்துது. மூணு எழுத்து எரர்ல இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததேயில்ல. (வீட்டு இணைப்புலேர்ந்து சோதிச்சா பல இடத்துல 25ஆம் போர்ட்டயே அடைச்சிருப்பாங்க, "ஆஹா மூடியிருக்கு"ன்னு ஏமாந்துடாதீங்க.)

வரிசையில இருந்த குப்பைய அழிக்கிறதுக்கு முன்னாடி மாமாவோட மூணு பில்லையும் தனியா எடுத்தேன். ஆனா பில்லு உடனே போகல. சர்வர் முகவரி ரெண்டு தடைப்பட்டியல்ல ஏறியிருந்துது. வெளிய எடுக்கச் சொல்லி விண்ணப்பம், காரணம், என்ன சரி பண்ணினோம்னு விளக்கம். சர்வர் வாடகைக்காரங்ககிட்டேர்ந்து வேற "புகார் வந்திருக்கு, 24 மணி நேரத்துல பதில் சொல்லு"ன்னு ஓலை. சின்ன ஆளுன்னுதான் மிரட்டுறாங்கன்னு மாமா நினைச்சார். பெரிய ஆளுக்கும் இதே கதிதான்: 2018 செப்டம்பர்ல ஜோஹோவோட டொமைனையே அதைப் பதிவு பண்ணின நிறுவனம் முடக்கிடுச்சு. ஜோஹோ மெயில்லேர்ந்து யாரோ அனுப்பின ஏமாத்து மெயில் பத்தின புகார்தான் காரணம். அதை நம்பியிருந்த கம்பெனிங்க எல்லாம் சில மணி நேரம் தவிச்சுது. ஒருத்தன் உன் பேர்ல அனுப்புறதுக்கு நீதான் ஜவாப்பு.

முதல் சனிக்கிழமை மாமா வீட்டு நகை பாங்குக்குப் போச்சு, பாதிக் கூலி குடுத்தார். ரெண்டாவது சனிக்கிழமை அதுவும் முடியல. "அடுத்த வாரம்"னு மாமா சொன்னப்போ யாரும் சத்தம் போடல. ஒரு அம்மா மட்டும், "மெயிலுன்னா இன்னா நைனா, தபாலா?"ன்னு என்னைக் கேட்டாங்க. தபால் மாதிரித்தான்மான்னேன். "தபாலுன்னா வந்துடுமே"ன்னாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. செவ்வாய்க்கிழமை பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க, புதன்கிழமை பில்லு போய்ச் சேர்ந்துது, வெள்ளிக்கிழமை பணம்.

கதை முடிஞ்சுதுன்னு பெட்டிய கட்டினேன். "எல்லாம் சரி மாப்ள, ஆர்டரு சில நாள் வர்றதில்லையே, அது இன்னா?"ன்னார் மாமா.

இது ரிலே இல்ல, ஃபார்வர்டிங். பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், வேற சமாசாரம். ஆர்டருக்குன்னு ஒரு முகவரி. அங்க வர்றது அப்படியே மாமாவோட ஜிமெயிலுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் போகும். பெங்களூர்க் கடை, "எங்க டொமைன் பேர்ல இந்த சர்வர்கள் மட்டும்தான் மெயில் அனுப்பும், மத்தது வந்தா தூக்கிப் போடு"ன்னு எஸ்.பி.எஃப்., டிமார்க் எல்லாம் போட்டு வெச்சிருக்கு. நம்ம சர்வர் அந்த ஆர்டர வாங்கி ஜிமெயிலுக்குத் தள்ளும்போது, ஜிமெயில் பார்வையில யாரோ களம்பூர்க்காரன் பெங்களூர்க்காரன் பேர்ல மெயில் கொண்டாந்து நிக்கிறான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதுல ரொம்பக் கறார். மெயில் திரும்பிப் போகும், அதுவும் கடைக்காரனுக்கே. அவன் நம்மாளு வேணும்னே ஆர்டர ஒதுக்குறார்னு நினைப்பான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. டிகிம்னு அனுப்புறவரோட டிஜிட்டல் கையெழுத்து. கடிதத்துல ஒரு எழுத்தும் மாறாம இருந்தா எத்தனை கை மாறினாலும் செல்லும். பெங்களூர்க் கடை அதையும் போட்டுத்தான் அனுப்புது. ஆனா நம்ம சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் கீழ "வைரஸ் சோதனை செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி ஒட்டிட்டு இருந்துது. கையெழுத்து உடைஞ்சுது. அந்த வரிய எடுத்தேன். உறையோட முதுகுல இருக்கிற அனுப்புநர் முகவரிய நம்ம டொமைனா மாத்துற எஸ்.ஆர்.எஸ். வெச்சேன். ஸ்பேமை வடிகட்டினப்புறம்தான் ஃபார்வர்டுன்னு மாத்தினேன், இல்லன்னா அடுத்தவன் குப்பையும் நம்ம பேர்லதான் ஜிமெயிலுக்குப் போகும். இவ்வளவும் செஞ்சப்புறம் எனக்குத் தோணினது, ஃபார்வர்டே வேணாம். பெட்டிய சர்வர்லயே வெச்சு, மாமா போன்ல ஐமேப்ல நேராப் பார்த்துக்கட்டும். அதையே பண்ணிட்டேன்.

அப்போதான் அந்தப் பட்டியல்ல இருந்த மத்த ரெண்டு முகவரியையும் கேட்டேன். ஒண்ணு மாமா பொண்ணு. இன்னொண்ணைப் பார்த்து மாமா கொஞ்ச நேரம் பேசல. மூணு வருஷம் முன்னாடி வேலைய விட்டுப் போன கணக்குப்பிள்ளை. இப்போ ஆரணியில இன்னொரு பட்டு வியாபாரிகிட்ட இருக்கார். எந்தக் கடை எத்தனை சேலை கேட்டுது, எந்த டிசைன், என்ன விலை, அத்தனையும் மூணு வருஷமா அவருக்கும் ஒரு பிரதி போயிட்டு இருந்திருக்கு. யாரும் திருடல, பூட்டு உடையல. ஒரு வரிய யாரும் எடுக்கல, அவ்வளவுதான். அரசாங்க மெயில்களுக்கு 2015ல வந்த கொள்கையில, ஆபீஸ் மெயிலை வெளிய இருக்கிற சொந்த முகவரிக்கு ஃபார்வர்டு பண்ணவே கூடாதுன்னு போட்டிருக்கு. படிச்சப்போ ஓவரா இருக்கேன்னு நினைச்சேன்.

"பார்த்திருப்பானா?"ன்னார் மாமா.

"தெரியாது மாமா. அவர் ஜிமெயில்ல பாதி ஸ்பேமுக்கும் போயிருக்கலாம்."

"போன தையில ஒரு கடை கைய விட்டுப் போச்சே..." அத்தோட நிறுத்திட்டார். "எடுத்துடு. யார்கிட்டயும் சொல்லாத."

எடுத்தேன். பேர் போடாமத்தான் இங்க எழுதுறேன், அதுக்கு மாமாகிட்ட கேட்டுக்கிட்டேன். அடுத்த மாசம் அந்தக் கணக்குப்பிள்ளை பொண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கு. மாமா போறாராம். அரக்கு பார்டர்ல ஒரு மாம்பழ மஞ்சள் சேலை தறியில இருக்கு, அதுதான் மொய்.